பச்சைத் தூளும் கறுப்பு ஜவ்வரிசியும்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சாம்சன் தன் கம்பெனியில் பதில் சொல்லியாக வேண்டும். தைவானுக்குப் போகிறானா, இல்லையா? போன தடவை மாதிரி ஆறு மாதப் பயிற்சி இல்லை. முழுதாக மூன்று வருடம். போய்வந்தால் லைன் சூப்பர்வைசர். போகாவிட்டால் இப்போது பார்க்கிற அதே வேலைதான். ரப்பர் வளையங்களை அளந்து பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும் கெட்டதை ஒரு பெட்டியிலும் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே காலம் தள்ள வேண்டியது.

சோனியாவுக்கு அவனை அனுப்ப மனசில்லை. கல்யாணமாகிப் பதினாலு மாதம்தான் ஆகிறது. அதில் ஆறு மாதத்தை அந்தத் தீவு விழுங்கிவிட்டது. ஆனால் அதை அவள் வாய் திறந்து சொல்லவில்லை. அவன் கேட்டபோதெல்லாம், "உன் இஷ்டம்" என்றாள். புருஷன் முன்னுக்கு வருவதைக் கெடுத்தவள் என்ற பேச்சு தன்மேல் விழக் கூடாது என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் சாம்சன் அலமாரியிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான். ஒரு சின்னத் தகர டப்பா, ஒரு பிளாஸ்டிக் பாக்கெட். தைவானிலிருந்து வந்து இருபது நாளாகப் பிரிக்காமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தவை.

"இன்னிக்கு செஞ்சிடலாம்மே. நீ ஒருவாட்டி குடிச்சுப் பாரு. அங்க நான் எப்டி இருந்தேன்னு உனக்குப் புரியும். அப்பால பேசிக்கலாம்."

மாச்சா பபிள் டீ. வந்த நாள் முதல் அவன் வாயில் இந்தப் பேர்தான். பச்சைப் பசேலென்று பால், அடியில் கறுப்பு முத்துகள், மேலே ஐஸ். அவன் அதை வர்ணிக்கும்போதெல்லாம் சோனியாவுக்கு எழும் கேள்வி ஒன்றுதான். அந்த ஊர்மேல் இவனுக்கு இத்தனை ஆசையா?

பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து போர்ஷன் பத்ருன்னிசா, டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். பழவேற்காட்டுக்காரி, கணவருக்கு பஜாரில் ஜவுளிக்கடை. வாய் சும்மா இருக்காது.

"இன்னாடி இது, மருதாணித் தூளா?"

"டீத்தூள்க்கா."

"டீத்தூளு பச்சையாவா? தம்பி சாம்சனு, கீரையக் காயவெச்சி அரைச்சி உன் தலைல கட்டிட்டானுங்கடா!"

"போங்கக்கா. குடிச்சிட்டு அப்புறம் பேசுங்க" என்று சிரித்த சாம்சன், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் வாங்கக் கிளம்பினான். வாசலில் நின்று திரும்பினான். "அந்தத் தூள மட்டும் அடுப்புல போட்டுடாத. கொதிக்கவெச்சா கசந்துடும். நான் வந்து கலக்கறேன்."

தூளைப் பற்றிச் சொன்னவன், முத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்ருன்னிசாவும் போன பிறகு, அவன் வருவதற்குள் பாதி வேலையையாவது முடித்து வைக்கலாம் என்று சோனியா பாக்கெட்டைப் பிரித்தாள். உள்ளே கறுப்புக் கறுப்பாக உருண்டைகள். மேலே இருந்ததெல்லாம் சீன எழுத்து. எழுத்து எதற்கு? பார்த்தாலே தெரிகிறதே, ஜவ்வரிசி. ஜவ்வரிசியை என்ன செய்வார்கள் என்று செவ்வாப்பேட்டையில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாயசமோ வடையோ, முதல் வேலை ஊறவைப்பது. ஒரு குண்டானில் முழுப் பாக்கெட்டையும் கொட்டி, இரண்டு முறை அலசி, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள்.

அரைமணி கழித்துத் திறந்தவளுக்குத் திக்கென்றது. முத்துகளைக் காணோம். குண்டான் முழுக்கக் கலங்கலாக ஒரு கறுப்புக் கூழ். கையை விட்டுத் துழாவினாள். விரலிடுக்கில் பசையாக வழிந்ததே தவிர, ஒரு உருண்டைகூட முழுசாக அகப்படவில்லை.

ஐஸ் பையோடு உள்ளே வந்த சாம்சன் குண்டானை எட்டிப் பார்த்தான்.

"இன்னா இது?"

"ஊற வெச்சேன்."

"ஊற வெச்சியா? அத நேரா கொதிக்கற தண்ணில போடணும்மே! பச்சத் தண்ணி பட்டா கரைஞ்சிடும்."

"நீ சொன்னியா? ஜவ்வரிசிய ஊறவெக்காம எவளாவது செய்வாளா?"

"வேணும்னே பண்ணியா நீ?"

கேட்ட பிறகு அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். ஐஸ் பையைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சோனியா குண்டானை ஓரமாக நகர்த்தினாள். வேண்டுமென்று செய்யவில்லை, அது கர்த்தருக்குத் தெரியும். ஆனால் கூழைப் பார்த்த அந்த முதல் நொடியில், பதற்றத்துக்கு நடுவே, 'தொலைந்தது' என்று ஒரு சின்ன நிம்மதி வந்ததே, அது எங்கிருந்து வந்தது? அதை நினைத்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

விரலில் ஒட்டியதை நக்கிப் பார்த்தாள். வெல்ல வாசனை. அதற்கு அடியில் நன்றாகத் தெரிந்த மரவள்ளி மாவு ருசி.

"இது நம்மூரு சாமான்தான்யா" என்றாள். "ஜவ்வரிசி மாவு, வெல்லம். வேறொண்ணும் இல்ல. மூணு மணிக்குக் கரண்ட் போயிடும். அதுக்குள்ள அரைச்சிடறேன், நீ உருட்டு."

வீட்டு மளிகை டப்பாவில் கால் கிலோ ஜவ்வரிசி இருந்தது. மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலித்தாள். வெல்லத்தைக் கொதிக்கக் கொதிக்கக் கரைத்து மாவில் ஊற்றிப் பிசைந்தாள். சூடு கையைப் பொசுக்கியது. மாவைத் தட்டில் போட்டு இருவரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்தார்கள். சொல்லி வைத்தாற்போல் கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

சாம்சன் உருட்டியவை எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. கம்பெனிக் கை. சோனியாவுடையது ஒன்று மிளகு, ஒன்று சுண்டைக்காய். அவன் அவளுடையதில் இரண்டைப் பொறுக்கித் தனியே வைத்தான்.

"இன்னா, ரிஜெக்டா?"

"ஆமா. சைசு தப்பு."

"கம்பெனி வேலைய ஊட்ல காட்டாத." அந்த இரண்டையும் அள்ளித் திரும்பவும் தட்டில் போட்டாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் இறங்கிய குரலில் தானாகவே பேச ஆரம்பித்தான்.

"டெய்லி டூட்டி முடிஞ்சி ரூமுக்கு வர்ற வழில அந்தக் கடை. கம்பெனில நமக்கு பாஷ தெரியாது. கைய காட்டுவான், நானும் கைய காட்டுவேன். ரூம்ல நாலு பேரு, நாலு ஷிஃப்ட்டு. நான் போம்போது ஒருத்தன் தூங்கினு இருப்பான். அந்தக் கடப் பொண்ணு மட்டும் கேக்கும், சர்க்கர எவ்ளோ, ஐஸு எவ்ளோன்னு. அங்க எல்லாரையும் அப்டி கேட்டுத்தான் குடுப்பாங்க. பதில் சொல்ல ரெண்டு வார்த்த கத்துக்கினேன். பாதி சர்க்கர, கொஞ்சம் ஐஸு. சில நாளு, காலைலேந்து நைட்டு வரைக்கும் நான் பேசினதே அந்த ரெண்டு வார்த்ததான்."

சோனியாவின் கை நின்றுவிட்டது. வாராவாரம் போனில், "நல்லா கீறேன், இங்க ஒரு டீ கெடைக்குது பாரு" என்று அவன் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு, இங்கே தனியாகப் பொருமிக்கொண்டிருந்தாள்.

உருண்டைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார்கள். கால்மணி நேரம் வெந்து பளபளவென்று மேலே மிதந்தன. சாம்சன் பச்சைத் தூளில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, மோர் கடைகிற சின்ன மத்தால் நுரைக்கக் கடைந்தான். இரண்டு எவர்சில்வர் டம்ளரில் முத்து, சர்க்கரை, பால், ஐஸ், கடைசியில் பச்சை.

சோனியா ஒரு வாய் குடித்தாள். வெட்டிய புல்லின் வாசனை. பின்னாலேயே ஒரு கசப்பு. முத்து பல்லில் சவக் சவக்கென்றது.

"எப்டி கீது?"

"மாட்டுக்கு வெச்சா ரெண்டு லிட்டர் கூடக் கறக்கும்."

அவன் சிரிக்கவில்லை. தன் டம்ளரைப் பாதி குடித்துவிட்டுக் கையிலேயே வைத்திருந்தான்.

"அங்க குடிச்ச மாரி இல்லியா?" என்றாள்.

"அதே மாரிதான் கீது" என்றான். "அதான் பேஜாரா கீது. அந்த ரூமு நெனப்பு வருது."

சோனியா டம்ளரைக் கீழே வைத்தாள். இருபது நாளாகக் கேட்காததைக் கேட்டாள்.

"உனக்குப் போவணும்னு கீதா?"

"நீதான் உன் இஷ்டம், உன் இஷ்டம்னு சொல்லிக்கினு இருந்தியே. நான் இல்லன்னா உனக்கு ஒண்ணும் இல்ல போலன்னு நெனச்சேன்."

"நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னு சொன்னேன்யா."

"ஒரு வார்த்த நின்னிருக்கலாமே."

"சரி, இப்ப நிக்கிறேன். போவாத."

சொல்லிவிட்டாள்.  சாம்சன் டம்ளரில் மீதி இருந்ததைக் குடித்து முடித்தான். பிறகு, "மோசஸ் போவான். லிஸ்ட்ல அவன்தான் எனக்கு அடுத்து" என்றான்.

"அவன் சூப்பர்வைசரா வந்து நிப்பான். நீ அவனுக்குக் கீழ வேல செய்யணும்."

"தெரியும்."

"பின்னாடி இத எங்கிட்ட சொல்லிக் காட்டுவியா?"

"காட்டினாலும் காட்டுவேன்" என்று உள்ளதைச் சொன்னான்.

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் ஆறேகாலுக்கு வந்தது. சாம்சன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. என் பேர அடிச்சிட்டு மோசஸ் பேர எழுதிக்கினாங்க. ரெண்டு நிமிஷங்கூட ஆவல."

சோனியா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வருத்தமா கீதா?"

நேற்றுவரை என்றால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று எழுந்து முகம் கழுவப் போயிருப்பான். இன்று எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் கீது."

"எனக்கும் கொஞ்சம் பயமா கீது" என்றாள் அவள். "சொல்லு, மொதல்லேந்து சொல்லு. உள்ள போனதும் யாரு இருந்தாங்க?"

அவன் சொல்லத் தொடங்கினான்.