வாசிக்கிற மெசின்

“நீ எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனி?”

நவரட்ணராஜா சார் இதைக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டு என்றேன். “அப்ப என்ர ஜாவா புரோகிராமுக்குள்ள தலையைப் போடாதை, பிள்ளை.” சிரிப்பு வேறு.

2007. கண்டியில் ஆறு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களின் பெயர்களை எங்கள் அலுவலகத்தில் நான்தான் தட்டச்சு செய்தேன். சாருடைய புரோகிராம் அவற்றைப் பட்டியலாக்கும். அந்தக் கோப்பு தினமும் பொலிசுக்குப் போகும். அதில் பெயர் இல்லாதவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

சாருடையது லினக்ஸ் மெசின். அதில் வரிக்கு ஒரு பெயர். முன்மேசையில் இருந்தது பொலிசில் இருப்பதைப் போன்ற விண்டோஸ் மெசின். அதில் திறந்தால் நாற்பத்திரண்டு பெயரும் ஒரே வரியில் ஓடின. திரையில் தெரிந்தவை முதல் நான்கு. கடைசிப் பெயர் யாகப்பர், என் அண்ணன். அம்பிட்டிய விடுதியில் இருந்தார்.

சாரிடம் சொன்னேன்.

“புரோகிராம் எழுதின லொக் பதிவைப் பார். நாற்பத்திரண்டு பேரும் எழுதியாச்சு எண்டு கிடக்கு. நான் %n போட்டிருக்கிறன். அது மெசினுக்கு ஏத்தமாதிரி வரி முறிக்கும்.” அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. பிழை எங்கே என்று நான் சொல்ல வந்தது, வீட்டில் ஒளித்து வைத்து ஜாவா படிக்கும் என் கொப்பிக்குள் போனது.

வியாழன் பொலிசார் அம்பிட்டிய விடுதியைச் சோதித்தார்கள். அவர்களுடைய திரையில் அண்ணனின் பெயர் இல்லை. “என் தங்கச்சியே அடிச்ச பேரு சார்” என்று அவர் சொல்லியும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வெள்ளி காலை கொப்பியைச் சாரின் கீபோர்ட் மேல் போட்டேன்.

“எழுதுற மெசினுக்கு ஏத்தமாதிரிதான் முறிக்கும் சார். வாசிக்கிற மெசினுக்கு இல்ல. அங்க விண்டோஸ். அதுக்கு வரி முறிக்கிற குறி \r\n நீங்களே போடணும். எட்டாம் வகுப்புக்கே வெளங்குது.”

கொப்பியில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

அரை நிமிடத்தில் மாற்றினார். முன்மேசையில் திறந்தேன். நாற்பத்திரண்டு வரிகள். கடைசியில் அண்ணன்.

“இப்ப சரிதானே?”

“எங்க சார் சரி? அண்ணன் உள்ள இருக்காரு. ஸ்டேசனுக்கு வாங்க. பேரு இருந்துச்சு, நம்ம புரோகிராம்தான் பிழைன்னு சொல்லுங்க.”

“நான் யாழ்ப்பாணம், பிள்ளை. ஐடி கார்டைப் பாத்தா என்னையும் உள்ளுக்கு இருத்திப் போடுவாங்கள்.”

“எங்கண்ணன் இங்க கண்டிக்குப் பக்கத்துல, கலகெதரயில பொறந்தவரு. அவர விட்டுட்டாங்களா?”

பட்டியலை அச்சடித்து அவர் முன் நீட்டினேன். அவர் குடையை எடுத்தார். தாளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. படியிறங்கினார்.

ஜன்னலுக்கு ஓடினேன். ஸ்டேசன் இடது பக்கம். சார் வலது பக்கம் திரும்பி, குட்ஷெட் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.