பித்தளை டோக்கனும் ஒரு முழம் துணியும்

"டோக்கனைத் தொலைச்சிட்டா என்ன செய்வாக?" என்று பரிபூரணம் கேட்டாள்.

"அன்னிக்கு ஆளு வரலைன்னு போட்டுருவாக," என்றான் ராஜரத்தினம்.

"நீங்க முன்னால நிக்கும்போதேவா?"

"நிக்கது நாந்தான். டோக்கன் வரலைல்லா."

கல்யாணமான முதல் வாரத்துப் பேச்சு அது. அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் அவனுக்கு வேலை. வாசலில் காட்ட வேண்டிய பித்தளை டோக்கனில் 417 என்று பொறித்திருக்கும். ஆணியில் தொங்கிய அவன் சட்டைப்பைக்குள் கனத்துக் கிடந்த அந்த வில்லையைப் பார்த்தபோது பரிபூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோரு வருஷம் கழித்து, 1994இல், அந்தப் பேச்சு பரிபூரணம் எழுதிய ஒரு நாவலாகி ஸ்ரீவில்லிபுத்தூரில் சங்கரலிங்கத்தின் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தது. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கான கதை. வரப்போகும் ஒரு காலம்; ஊர் முழுக்க ஒரே ஆலை. சங்கு ஊதினால் எழ வேண்டும், சங்கு ஊதினால் உண்ண வேண்டும். பிறக்கும் குழந்தைக்குப் பெயர் வைக்கக் கூடாது. கழுத்தில் டோக்கன் கட்டுவார்கள். கதைநாயகியின் எண் 417. அவளைப் பெற்றவள் சாகும் முன் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி ஒரு முழத்தில் சிவப்பு நூலால் ஒரு பெயரைத் தைத்து, மகள் இடுப்பில் சுற்றிவிட்டுப் போயிருந்தாள். அது தன் பெயர்தான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஆனால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் பலிக்காது. இன்னொரு வாய் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால்தான் கழுத்து டோக்கன் கழன்று விழும்.

சங்கரலிங்கத்துக்குக் கதை பிடித்திருந்தது. அதில் வரும் சாமான்கள்தான் பிடிக்கவில்லை.

"டோக்கன், சங்கு, கட்டுப்போடுற துணி... நம்மூர்ல தெனம் பாக்குறதுதானம்மா? ஒரு வாளு, ஒரு கருடன்னு வச்சா பிள்ளைக வாயப் பொளந்துக்கிட்டுப் படிக்கும்."

"வாளை இங்க யாரு கண்டா அண்ணாச்சி? சங்குச் சத்தத்துக்குப் பயந்து எந்திரிக்காத பிள்ளை இந்த ஊர்ல இருக்கா?"

அவர் கையெழுத்துப் பிரதியை அச்சுக் கோக்க எடுத்து வைத்தார்.

துணியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பி.ஏ. படித்துவிட்டு, பேண்டேஜ் கம்பெனியில் காஸ் மடிக்கும் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்குப் பெயர் ஒன்பதாம் மேசை. தெருவில் ராஜரத்தினம் சம்சாரம். வீட்டில் 'ஏட்டி', கொஞ்சம் பிரியமான நாட்களில் 'இந்தா'. அவன் அப்பாவும் அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்த வீட்டில் கூச்சமான காரியம். மற்றபடி அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் எழுதிய மாதங்களில் விடியற்காலை அடுப்பைப் பற்றவைத்து, நோட்டுப் பக்கத்தில் டீயை வைத்துவிட்டுத்தான் முதல் ஷிப்டுக்குப் போவான். அப்படிப்பட்டவனிடம் போய் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? கேட்டால் குறையாகப் போய்விடுமே என்று பதினோரு வருஷமும் வாயை மூடிக்கொண்டாள்.

புரூஃப் பார்க்க அவள் போயிருந்த அன்று மதியம் ஷிப்டு முடிந்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, ராஜரத்தினம் பஸ் பிடித்து அச்சகத்துக்கு வந்தான். முதல் பக்கத்துப் புரூஃப் தயாராகியிருந்தது. சங்கரலிங்கம் மை காயாத தாளை நீட்டினார். நாவலின் பெயர், அதன் கீழே கொட்டை எழுத்தில்: 'திருமதி ராஜரத்தினம்'.

"நாந்தான் போன வாரம் எழுதிக் குடுத்துட்டுப் போனேன்," என்றான் ராஜரத்தினம். முகமெல்லாம் பெருமை. "மில்லுல அம்புட்டுப் பேருக்கும் சொல்லிட்டேன். எம்பேரைப் பாத்தா ஆளுக்கு ஒண்ணு வாங்குவானுக."

பரிபூரணம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மனதோடு செய்த காரியம். அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது?

"என்னட்டி, பேசாம நிக்க? எழுத்து சின்னதா இருக்கோ?"

"எழுத்து போதும்."

"பொறவு என்ன?" என்று தாளை வாங்கிப் பார்த்தவன் குரலைத் தணித்தான். "நானும் கேக்கணும்னு இருந்தேன். முழுசாப் படிச்சேன். அந்தப் பிள்ளை கழுத்துல எதுக்கு எந்நம்பரைப் போட்ட? வேற நம்பரே கெடைக்கலையா?"

"எங்கழுத்துல கெடக்கது அதானே," என்றாள் பரிபூரணம்.

அவன் கை அனிச்சையாகச் சட்டைப்பையைத் தொட்டது. டோக்கன் அங்கேதான் இருந்தது.

"கடைசியில அவளை யாரு கூப்பிடுதான்னு நீ எழுதலையே," என்றான். "சங்கு ஊதுது, அவ நிக்கா. அதோட முடிஞ்சு போச்சு."

"எனக்குத் தெரிஞ்சாத்தானே எழுதுறதுக்கு?"

சங்கரலிங்கம் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "தம்பி, மெஷின்ல ஏத்திட்டா மாத்த ஏலாது. இதே பேருதானா?"

ராஜரத்தினம் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தாளை அவன் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள். விரலில் மை ஒட்டியது.

"என்ன பேர் போடணும்னு அண்ணாச்சி கேக்காக," என்றாள். "நான் சொல்ல மாட்டேன். பதினோரு வருஷமாக் கேக்கணும்னு இருந்தேன், இப்பக் கேக்கேன். உங்க வாயால எம்பேரைச் சொல்லுங்க."