எல்லாமே பேப்பர்தான்க்கா

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஒருவனை வீட்டில் எல்லாரும் 'விஞ்ஞானி' என்று கூப்பிட்டால் தலைகால் புரியுமா? நம் விஞ்ஞானிக்கும் புரியவில்லை. எதைக் கேட்டாலும் பதில் வாயில் தயாராக இருக்கும். "தெரியாது" என்ற சொல் மட்டும் அந்த வாயிலிருந்து வந்ததே கிடையாது.

அவனுடைய அக்காவுக்குப் புத்தகங்களுக்கு புரூஃப் திருத்தும் வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து ஒற்றைத் தலைவலி வந்து சேர்ந்தது. கண்ணில் வெளிச்சம் அடிக்காத, காகிதம் மாதிரியான திரைக்கு மாறுங்கள், இல்லையென்றால் வேலையையே விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா நேரே தம்பியின் கடைக்கு வந்தாள். ஒரு பெட்டியில் 'இ-இங்க்' என்றிருந்தது, இன்னொன்றில் 'இ-பேப்பர்', மூன்றாவதில் 'பேப்பர் டிஸ்ப்ளே'.

"எதுடா நல்லது?"

"எல்லாமே பேப்பர்தான்க்கா. ஆளுக்கொரு பேரு வச்சிருக்கான், அவ்வளவுதான். இதுல கலரும் தெரியும், இதையே எடுத்துக்கோ."

மூன்றாவதை அவள் தலையில் கட்டினான். ஏமாற்ற நினைக்கவில்லை, பாவம், அவனுக்கே தெரியாது. அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்து விளக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. அது சாதாரண டேப்லெட் திரைதானாம். மேலே பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டு 'பேப்பர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டையும் போல இல்லை, இதில் வெளிச்சம் உள்ளேயிருந்து கண்ணில்தான் அடிக்கும்.

உடனே போன் போட்டிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனான். அவள் நெற்றியில் ஈரத்துணியோடு அதே டேப்லெட்டில் திருத்திக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பட்டால் வலி கூடுமே என்று அவள் கணவர் கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்து, விளக்கையும் அணைத்தார். அக்காவின் முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"ஏன் மாப்ள, பேப்பர் இருட்டுல தெரியுமா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"அது முன்விளக்கு மாமா. ஓரத்துலேர்ந்து திரை மேலதான் அடிக்கும், கண்ணுக்கு வராது."

அந்த முன்விளக்கு இ-இங்க் பெட்டியில் இருந்த சமாச்சாரம். இதில் இல்லை என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"கேட்டுக்கிட்டீங்களா?" அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நான்தான் சரியாத் தூங்கறதில்ல, அதான் வலிக்குது. இது என் தம்பி பார்த்துக் குடுத்தது, தப்பா இருக்குமா?"

அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. கூனிக் குறுகிப்போனான்.

"அக்கா, அது பேப்பரே இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

அக்கா சிரித்துவிட்டாள். "விஞ்ஞானிக்குத் தெரியாதாம்! அடக்கத்தைப் பாருங்களேன்."

உண்மை இப்படி விலை போகாமல் நிற்கும் என்று அவன் நினைக்கவில்லை. அவளை நம்ப வைக்க ஒரே வழிதான் மிச்சம் இருந்தது.

"குடுத்தப்ப நிஜமா தெரியாதுக்கா. இப்ப மாமா கேட்டப்ப தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. அக்கா டேப்லெட்டை அணைத்தாள். அறை இருண்டது.

"லைட்டைப் போடுங்க," என்றாள் கணவரிடம். "இவன் மூஞ்சியை நான் பார்க்கணும்."

அவர் சுவிட்சைத் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.