கரடிக்குள் இருந்தவன்

அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. அதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அவளுடைய பார்லரில் முடி வெட்டிக்கொள்ள உட்காருகிறவர்கள் எழுந்து போவதற்குள் தங்கள் வீட்டுக் கதையில் பாதியைச் சொல்லிவிட்டு, அவள் வீட்டுக் கதையை முழுசாகக் கேட்டிருப்பார்கள். வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்று காலை வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தியின் தலையில் பாதிக்குச் சாயம் பூசியிருந்தபோது போன் வந்தது. புதிதாக வந்திருக்கும் போலீஸ் அதிகாரி பேசினார்.

"உங்க தம்பி கேஸைத் திரும்ப எடுக்கறோம்மா. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

அக்கா போட்ட சத்தத்தில் வங்கியம்மாள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "உட்காருங்க, உட்காருங்க, ஒண்ணுமில்ல, நல்ல சேதிதான்" என்று அவளை அமுக்கி உட்காரவைத்தாள். மீதிப் பாதிக்குச் சாயம் பூசும்போது கவனம் எங்கேயோ போய்விட்டது. காதிலும் நெற்றியிலும் சாயம் பட்டது. வங்கியம்மாள் கோபப்படவில்லை. அந்தக் கதையை அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். இருந்தாலும் அக்கா இன்னொரு முறை சொன்னாள்.

கதை இதுதான். அவள் தம்பி ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினம் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய கூட்டாளி ஒருவன் அங்கே கரடி வேஷம் போடுவான். ஆள் வளர்த்தி என்பதால் எல்லோருக்கும் அவன் நெட்டை. கரடிக்கு இரண்டே சட்டம்: பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் தலையைக் கழற்றக்கூடாது, எதற்காகவும் வாயைத் திறந்து பேசக்கூடாது. மீறினால் வேலை போய்விடும்.

தம்பிக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாளில் நெட்டை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "பல்வலி உயிர் போகுதுடா. இன்னிக்கு ஒரு சாயங்காலம் நீ கரடியா இரு. யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றான். இல்லை என்று சொல்லத் தெரியாத தம்பி கரடிக்குள் புகுந்தான். அதே சாயங்காலம் பூங்காவின் மேற்பார்வையாளரை அவர் வீட்டிலேயே யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். முந்தின நாள்தான் தம்பிக்கும் அவருக்கும் எல்லோர் முன்னாலும் வாய்ச்சண்டை முற்றி, தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். போலீஸ் நேராக அவனிடம் வந்தது.

"நான் கரடிக்குள்ள இருந்தேன்" என்றான் தம்பி. "நான்தான் கரடி, எப்பவும் நான்தான் கரடி" என்றான் நெட்டை. நெட்டைக்கு நிச்சயமாகியிருந்த பெண் கூண்டில் ஏறி, தான் அன்றைக்குப் பூங்காவுக்குப் போனதாகவும், கரடி வேஷத்தில் இருந்த அவரிடம் கிட்டப் போய்ப் பேசியதாகவும் சத்தியம் செய்தாள். "இவர் கோர்ட்டிலேயே கரடி விடுகிறார்" என்றார் அரசு வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். தம்பிக்கு ஆயுள் தண்டனை. அந்தச் சிரிப்பை நினைத்தால் அக்காவுக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

அக்கா போய்ச் சேர்ந்தபோது அதிகாரியின் மேசைமேல் ஒரு பழைய கைக்கடிகாரம் இருந்தது. செத்துப்போன மேற்பார்வையாளருடையது. பின்பக்கம் அவர் பெயர் வெட்டியிருந்தது. கொலை நடந்த அன்றைக்குக் காணாமல் போனது, ஒரு கடிகாரக் கடையை காலி செய்யும்போது இழுப்பறையிலிருந்து கிடைத்திருக்கிறது.

"பழுது பார்க்கக் கொடுத்தவன் திரும்ப வாங்க வரலை. கடைக்காரர் நெட்டையோட போட்டோவைப் பாத்ததும் இவன்தான்னு சொல்லிட்டார்."

"அப்புறம் என்ன சார்? அவனைத் தூக்கி உள்ள போடுங்க!"

"எப்படிம்மா? அவன் அன்னிக்குச் சாயங்காலம் பூங்காவுல கரடியா இருந்தான்னு கோர்ட்டே எழுதி வச்சிருக்கு. ஏதோ நடைபாதையில கிடந்த கடிகாரத்தை எடுத்தேன்னு சொல்லிட்டுப் போயிடுவான். எனக்கு இப்ப அந்தக் கரடிதான் குறுக்க நிக்குது. உள்ள இருந்தது உங்க தம்பிதான்னு காட்ட ஏதாவது வேணும். கரடிக்குள்ள இருந்தவனுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு."

அக்கா அங்கிருந்து நேராகச் சிறைக்கு ஓடினாள். செருப்பின் வார் வழியில் அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள்.

தம்பி கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். முன்நெற்றி ஏறிவிட்டது. வெளியே இருந்திருந்தால் அவளே அவனுக்குத் தலைமுடி வெட்டிவிட்டிருப்பாள். அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கடிகாரம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. கரடி என்றதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணு இருக்குக்கா."

"சொல்லுடா!"

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

அக்காவுக்கு வந்த கோபத்தில் கம்பி வலை மட்டும் இல்லாவிட்டால் ஒரு அறை விட்டிருப்பாள். "என்னடா விளையாடறியா?"

"அந்தப் பொண்ணு வந்துச்சுக்கா. என்னை நெட்டைன்னு நினைச்சு, காதுகிட்ட வந்து ஒண்ணு கேட்டுச்சு. அழுதுக்கிட்டே கேட்டுச்சு. நான் பதில் சொன்னேன்."

"கரடி பேசக்கூடாதேடா?"

"பேசலக்கா."

"என்னதான் கேட்டா?"

"அது அவங்க சொந்த விஷயம்."

"இதை அன்னிக்கே கோர்ட்ல சொல்லியிருந்தா நீ வீட்டுக்கு வந்திருப்பியேடா, மடையா!"

"அத்தனை பேரு முன்னாடியா? அப்ப அதுக்குக் கல்யாணம்கூட ஆகலக்கா. நாளைக்கு அது தெருவுல எப்படி நடக்கும்? நான்தான் எதுவும் செய்யலையே, எப்படியும் விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். தீர்ப்பு வந்தப்புறம் சொன்னா யாரு நம்புவாங்க? இப்பவே ஜோடிச்சுச் சொல்றான்னுதான் சொல்லியிருப்பாங்க."

அக்கா அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். ஊரில் இவ்வளவு பேர் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு நிம்மதியாக இருக்க, பேசாமல் இருந்தவன் உள்ளே இருக்கிறான். கடைசியில் அவன் ஒரு வழிக்கு வந்தான். கதவைச் சாத்திக்கொண்டு மாஜிஸ்ட்ரேட்டிடமும் அதிகாரியிடமும் மட்டும் சொல்வதாக ஒப்புக்கொண்டான்.

மறுநாள் மாஜிஸ்ட்ரேட் வந்தார். தம்பி சொன்னதை எழுதி, உறையில் போட்டு, முத்திரை வைத்தார்கள். அதிகாரி உடனே அந்தப் பெண்ணை, இப்போது நெட்டையின் மனைவியாகிவிட்டவளை, பார்க்கப் போனார். "சொல்ல வேண்டியதை அன்னிக்கே சொல்லிட்டேன்" என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

"நீங்க அங்க போயிடாதீங்க" என்றார் அதிகாரி. "அவங்களுக்கு நீங்க ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தீங்கன்னு வந்தாக்கூட எல்லாம் பாழ்."

"எனக்கே தெரியாததை நான் எப்படி சார் எடுத்துக் கொடுப்பேன்?"

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அக்கா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நெட்டை இப்போது சரக்கு வேன் ஓட்டுகிறான். வெயில் ஏறும் நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டான் என்று விசாரித்து வைத்திருந்தாள். மாடி வீடு. கதவைத் திறந்தவள் கையில் பாதி மடித்த பள்ளிச் சீருடை இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

"போலீஸ்கிட்டயே சொல்லிட்டேனே. எதுக்கு வந்தீங்க?"

வாயைத் திறந்தால் மூடத் தெரியாத அக்கா, வழியெல்லாம் கோத்து வைத்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வெளியே விட்டாள்.

"நான் சண்டைக்கு வரலம்மா. அன்னிக்கு நீங்க கரடிகிட்ட ஏதோ கேட்டீங்களாம். என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். கரடி பதிலும் சொல்லுச்சாம். அந்தக் கேள்வியையும் பதிலையும் என் தம்பி எழுதிக் கொடுத்து, சீல் வச்சிட்டாங்க. நீங்களும் போய் அதிகாரிகிட்ட சொல்லுங்க. வேற வேறயா இருந்தா நான் உங்க வாசப்படியை மிதிக்கவே மாட்டேன்."

சீருடை கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"பதில்... உங்க தம்பிக்கு எப்படி பதில் தெரியும்?" என்றாள் மெதுவாக. பிறகு தனக்குள்ளேயே எதையோ பேசிக்கொண்டாள். "அதான். அதான் அன்னிக்கு இவரு அப்படி முழிச்சாரு." திடீரென்று உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "அவர் சாப்பிட வர நேரம். இப்பவே போயிடணும். அவர் மூஞ்சியைப் பாத்தா என்னால வர முடியாது."

இருவரும் படியில் தடதடவென்று இறங்கினார்கள். தெருமுனையைத் தொடவில்லை, வேன் திரும்பிவிட்டது. நெட்டையின் மனைவிதான் முதலில் பார்த்தாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, ஒரு கடை வாசலில் இருந்த குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் உட்காரவைத்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்து "என்னம்மா தொலைஞ்சுபோச்சு?" என்றார். "தோடு" என்றாள் அக்கா. நல்ல மனிதர், அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார். வேன் அவர்களைத் தாண்டிப் போயிற்று. அக்காவுக்குப் பயத்தோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து ஓடி, வந்த முதல் ஆட்டோவில் ஏறினார்கள். வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. பார்லருக்கு வருகிறவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

அதிகாரியின் அறைக் கதவு சாத்தப்பட்டது. மாஜிஸ்ட்ரேட்டையும் வரவழைத்தார்கள். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். உள்ளே ஒத்துப்போகவில்லை என்றால்? பயத்தில் அவன் தப்பாக எழுதிக் கொடுத்திருந்தால்? இவளுக்கு மறந்துபோயிருந்தால்? காவலுக்கு நின்ற போலீஸ்காரர் "கொஞ்சம் ஓரிடமா உட்காருங்கம்மா, எனக்கே தலை சுத்துது" என்றார்.

கதவு படாரென்று திறந்தது. அதிகாரி வெளியே வந்த வேகத்தில் அவர் தொப்பி மேசையிலேயே இருந்துவிட்டது. "ஜீப்பை எடுங்க! வேன் வீட்டு வாசல்லதான் நிக்கும், அவன் சாப்பிட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள போகணும்!" என்று கத்தினார். அக்காவைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். "அப்படியே ஒத்துப்போகுதும்மா. கேள்வியும் ஒண்ணு, பதிலும் ஒண்ணு. உங்க தம்பி வந்துடுவான்."

அக்கா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஜீப் சைரனோடு வெளியே பாய்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட சத்தங்களிலேயே இனிமையான சத்தம் அதுதான்.

பிறகுதான் நெட்டையின் மனைவி அறையிலிருந்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இப்ப உங்ககிட்டயும் சொல்லிடறேன். அப்ப என் வயித்துல குழந்தை. கல்யாணத்துக்கு முன்னாடி. வீட்ல தெரிஞ்சா கொன்னு போட்டிருப்பாங்க. அவரு ஒரு வாரமா என்னைப் பாக்காம தப்பிச்சுக்கிட்டு இருந்தாரு. கரடி வேஷத்துல இருந்தா ஓட முடியாதில்ல, அதான் அங்க போனேன். காதுல சொன்னேன். 'நமக்குக் குழந்தை. நீங்க பேச வேண்டாம். வேணும்னா தலையாட்டுங்க. இல்லன்னா நான் இப்பவே போய்க் கலைச்சுடறேன்'னேன்."

அக்கா பெஞ்சில் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தலையாட்டுச்சு. ஒரு தடவை இல்ல. திரும்பத் திரும்ப. அவ்ளோ பெரிய தலை கழண்டு விழுந்துடுமோன்னு பயந்தேன். அப்புறம் நான் அவர்கிட்ட குழந்தையைப் பத்திப் பேசினப்ப, 'எந்தக் குழந்தை?'ன்னு முழிச்சாரு. 'நீங்கதான தலையாட்டினீங்க?'ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் கழிச்சு 'ஆமா, ஆமா, ஆட்டினேன்'னாரு. இல்லன்னு சொன்னா அவரு அங்க இல்லன்னு ஆயிடுமே. நான் என்னமோ மனசு இரங்கிட்டாருன்னு நினைச்சு அவருக்காகக் கூண்டேறினேன்." அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "யாரோட குழந்தையோ. உங்க தம்பி எதுக்கு ஆட்டணும்?"

"அழுதீங்கல்ல. அவனுக்கு அது போதும்" என்றாள் அக்கா.

"என் பொண்ணுக்கு இன்னியோட அப்பா போயிட்டாரு. ஆனா அவ இருக்கறதே உங்க தம்பியாலதான். உள்ள உட்கார்ந்து அதைச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்குச்சு."

அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"பள்ளிக்கூடம் விட்டுடும். வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நான் அவகிட்ட சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"இரும்மா, நானும் வரேன்" என்றாள் அக்கா. அறுந்த வாருக்கு ஊக்கு குத்தி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, அவளோடு வெயிலில் இறங்கினாள்.