பட்டாளத்துப் படகில் தாலி

"விடுதலை பெற்ற தேசத்தின் குடிமகன் இயற்கைக்கும் அடிபணியமாட்டான்" என்று முழங்கினார் தோட்டத்துக் குமாஸ்தாவான ராஜரத்தினம் கிராணி. மலாயாவுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்து நான்காம் மாதம் மலாக்காவில் மழை கொட்டி, காஜா பேராங் சாலை வெள்ளத்தில் மறைந்திருந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலத்தில் தள்ளிவிட்ட ரப்பர் படகு ஒன்றை அவர் வாங்கி வைத்திருந்தார். கோயிலில் ஒன்பது மணி முகூர்த்தத்தில் தங்கை மகன் கட்டவேண்டிய தாலியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

"ஏங்க, தாலிய இந்த பேசின்ல வைங்க. நான் தலையில தூக்கிட்டு வந்துர்றேன்" என்றாள் மனைவி ருக்மணி.

"தாலிய பேசின்லயா? இது ஜப்பான்காரன் குண்டுக்கே அசையாத படகு. நீ பின்னால வா."

கோயில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் படகு புஸ்ஸென்று காற்றிறங்கி இளைத்தது. கிராணியார் தாலிப் பெட்டியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டோலோங்! ஐயோ, முழுகுறேன், காப்பாத்துங்க!" என்று மலாயிலும் தமிழிலும் அலறினார். நாதஸ்வரம் நின்றுபோனது. மாப்பிள்ளை முதல் சமையல்காரர் வரை கோயில் வாசலுக்கு ஓடிவந்தார்கள்.

பின்னால் வந்த ருக்மணி பெட்டியை வாங்கிப் பேசினில் வைத்துக்கொண்டாள்.

"மணி ஆச்சு. எந்திரிங்க" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தது.