தையல்கடைக் கண்ணாடி

கொழும்பில் மறைவாக நடக்கும் பார்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தயாபரனுக்கு ஒரு தனிப் பெருமை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் ஒளித்துக் குடித்ததுபோல, பெயர்ப்பலகை இல்லாமல் ஏதாவதொரு கடைக்குப் பின்னால் இருக்கும். லைசன்ஸ் எல்லாம் உண்டு. ஒளிப்பது சும்மா விளையாட்டுக்குத்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு தையல்கடைக்குள் புதிதாக ஒன்று திறந்திருப்பதாக நண்பன் கிளின்ரன் சொன்னதும், கலியாண ஆண்டு நிறைவன்று மனைவி துஷ்யந்தியை அங்கே கூட்டிக்கொண்டு போய் அசத்த நினைத்தான்.

வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்தார்கள். கொட்டாஞ்சேனை வந்ததும் துஷ்யந்தியின் பேச்சு நின்றுவிட்டது. தையல்கடையின் உடுப்பு மாற்றும் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதுதான் கதவு என்று கிளின்ரன் சொல்லியிருந்தான். தயாபரன் விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தான். திறக்கவில்லை. துஷ்யந்தி மெல்லக் குனிந்து கீழ்மூலையை அழுத்தினாள். கண்ணாடி விலகியது.

உள்ளே பானங்கள் கலக்கும் நேசமலர் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"அக்கா! இண்டைக்குப் புதன்கிழமை இல்லையே? வழக்கம்போல நெல்லிச்சாறு போட்டதுதானே?"

தயாபரனின் காது சூடேறியது. புதன்கிழமைகளில் ஒஃபிஸில் மீற்றிங் என்றல்லவா சொல்லுவாள்!

"ஆரோட வாறனீர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தனியத்தான்."

"தனியவோ? பாருக்கோ?"

"ஓம்."

அவன் நம்பவில்லை. அன்று குடித்தது எதுவும் ருசிக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் அவளுடைய ஒஃபிஸ் ஆண்கள் ஒவ்வொருவராக அவன் மனத்தில் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்தான். அவள் ஃபோனைப் பார்த்துச் சிரித்தால் வயிறு எரிந்தது.

புதன்கிழமை வேலையிலிருந்து நேரத்தோடே கிளம்பி அங்கே போனான். கண்ணாடியைப் பாதி விலக்கி நின்று பார்த்தான்.

கடைசிக் கதிரையில் துஷ்யந்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நேசமலர் என்னவோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்! அவனுடைய அம்மா, அப்பா, தம்பி குடும்பம் எல்லோரும் நிறைந்திருக்கும் அந்த ஃபிளாட்டில் அவள் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததாகவே அவனுக்கு நினைவில்லை.

ஒருத்தன் இருந்திருந்தால் சேர்ட் கொலரைப் பிடித்திருக்கலாம். ஒரு கதிரையோடு எப்படிச் சண்டை போடுவது? வந்த வழியே திரும்பினான்.

அவள் வீட்டுக்கு வந்ததும் பல்கனிக்குக் கூப்பிட்டான்.

"இண்டைக்கு நான் அங்க வந்தனான்."

"தெரியும். கண்டனான்."

"பிறகேன் கூப்பிடேல்ல?"

துஷ்யந்தி ரயில் பாதைப் பக்கம் பார்த்தாள். "நீங்கள் உள்ளுக்கு வந்திருவீங்களோ எண்டு பயந்துபோனன்."

எவனோ ஒருவனின் பெயரைச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. என்னென்னவோ கேட்க வாயெடுத்தான். உள்ளேயிருந்து அம்மா, "பிள்ளை துஷி, இடியப்பத்துக்குச் சொதி வைக்கேல்லையோ?" என்று கூப்பிட்டார். துஷ்யந்தி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் திரும்பினாள்.

"நில்லும். நான் வைக்கிறன்," என்றான் தயாபரன்.

தேங்காய்ப்பால் கொதித்துச் சொதி திரைந்துபோனது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த புதன்கிழமை காலையில் துஷ்யந்தி மீற்றிங் என்று சொல்லவில்லை. "பின்னேரம் நேசமலரிட்டப் போறன்," என்றாள். "ஓம், போயிற்று வாரும்," என்றான் அவன். அன்று பின்னேரம் தேங்காய் துருவும்போதும் அந்தக் கடைசிக் கதிரையை நினைத்து அவனுக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.