பதினாலு துண்டுத் துணி

...இல்லை, இன்னும் போகவில்லை, மூன்றாவது சிலிண்டருக்கும் நான்காவதுக்கும் நடுவே அந்தக் கறுப்பு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, என்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருந்த பழைய கேஸ்கெட்டின் தோல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது... பிளேடைப் படுக்கவைத்துத் தள்ள வேண்டும், கொஞ்சம் நிமிர்ந்தாலும் அலுமினியத்தில் கோடு விழும், கோடு விழுந்தால் அந்த வழியாகத் தண்ணீர் எண்ணெயோடு போய்க் கலக்கும், அப்புறம் மறுபடி ஹெட்டைக் கழற்று, மறுபடி புது கேஸ்கெட்டைப் போடு. மெதுவாகச் செய். என்ன அவசரம், காலையில் ஒன்பதரைக்கு ஆரம்பித்தது, இப்போது மணி மூன்று, வேறு யாராவது இருந்தால் இந்நேரம் மூட்டிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். மாமா எதிரே பழைய கார் சீட்டில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என் அக்கா புருஷன், தையல்காரர், அடுத்தவன் கையைப் பார்க்காமல் இவரால் இருக்க முடியாது போல. பார்ப்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது, தகரக் கூரையில் புறா இருக்கிறது, சுவரில் மூன்று வருஷத்துக்கு முந்தைய காலண்டர் இருக்கிறது, வாசலில் நாய் படுத்திருக்கிறது. என் கையில் என்ன இருக்கிறது என்று இப்படிப் பார்க்கிறார்?

சிலிண்டருக்குள் அடைத்திருக்கிற துணி அவர் கொண்டு வந்ததுதான். காலையில் மாமாவின் கார் சூடாகிப் புகை விட்டதும் இந்த ரிப்பேர் ஷெட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தினோம், வண்டியிலிருந்து இறங்கிய உடனே மனுஷன் சொன்ன முதல் வார்த்தை, நான் தண்ணி பார்த்தேன் மாப்ளே, தினமும் பார்க்கிறேன், என்பதுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை, நான் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் சாட்சி சொல்கிறார்... ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டருக்குள்ளும் ஓட்டைகளுக்குள்ளும் குப்பை விழாமல் அடைக்கத் துணி தேடினேன், நான் வைத்திருந்த வேஸ்ட் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார், இது நூல் உதிரும், உள்ளே ஆகாது என்று சொல்லிவிட்டுத் தன் தையல் கடைக்கு நடந்துபோய், நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணியில் ஓரம் மடித்துத் தைத்தே கொண்டுவந்தார். சிலிண்டருக்கு நாலு பெரிய துண்டு, எண்ணெய் போகும் வழிக்கும் தண்ணீர் போகும் வழிக்கும் பத்துச் சின்னத் துண்டு. மொத்தம் பதினாலு மாப்ளே, எடுக்கும்போது எண்ணிக்கோ என்றார். சட்டைக்கு ஒரு பொத்தான் குறைந்தால் ராத்திரி தூக்கம் வராத ஆள் இவர். இந்த ஆளா அன்றைக்கு என்ஜின் எண்ணெய் பார்க்க மறந்திருப்பார்? இதைக்கூட ஒருத்தரும் யோசிக்கவில்லையே, நான் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள், கடைசியில் அவரே நம்பிவிட்டார்.

நாலு வருஷம் ஆகிறது. இதே வண்டிதான், அப்போது உள்ளே இருந்தது வேறு என்ஜின். அன்றைக்கும் கேஸ்கெட் வேலைதான், வாசலில் இன்னும் ரெண்டு வண்டி நின்றது, நான் அப்போது பெரிய சூரன் இல்லையா, பிளேடு எதற்கு என்று கிரைண்டரில் தேய்ப்புச் சக்கரத்தை மாட்டி விர்ரென்று ஒரு ஓட்டு ஓட்டினேன், பத்தே நிமிஷம், பாத்திரம் தேய்த்த மாதிரி பளபளவென்று வந்துவிட்டது. துணி அடைத்தேனா? ரெண்டு சிலிண்டரில் அடைத்தேன், மற்றதில் இல்லை, எண்ணெய் வழியில் எதுவுமே இல்லை, ஊதிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன்... அந்தச் சக்கரம் தேயும்போது உதிர்கிற பொடி ஊதினால் போகிற பொடி இல்லை. அது எண்ணெயோடு உள்ளே இறங்கி, பேரிங்கில் உட்கார்ந்து, மணல் போட்டு அரைக்கிற மாதிரி அரைத்துவிடும். இது தெரியாதவனா நான்? தெரியும். தெரிந்தே செய்தேன், எல்லாரும் செய்கிறார்கள் என்று செய்தேன். சரியாக மூன்றாவது வாரம், மாமாவின் அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று விடியற்காலையில் போன் வந்திருக்கிறது, அக்காவும் அவரும் கிளம்பிப் பாதி வழி போவதற்குள் என்ஜின் கடகடவென்று சத்தம் போட்டு இறுகிப்போய்விட்டது. ரோட்டோரம் நின்று, கை காட்டி, ஏதோ லாரியில் ஏறிப் போய்ச் சேரும்போது நாலு மணி நேரம் தாமதம். அந்த அம்மா கடைசிவரை, வந்துட்டானா, வந்துட்டானா என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம். எனக்கு எதற்கு இதையெல்லாம் சொன்னார்கள்... வண்டியை இங்கே இழுத்து வந்தபோது ஷெட்டில் நான் மட்டும்தான். அடியில் பாத்திரத்தை வைத்து எண்ணெயை இறக்கினேன், முழுசாக இருந்தது, ஒரு சொட்டுக் குறையவில்லை, சாம்பல் நிறத்தில் மினுக் மினுக்கென்று. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்றது. பாத்திரத்தை எடுத்துப்போய்ப் பின்னால் இருந்த டிரம்மில் கொட்டிவிட்டு வந்து, அக்காவிடம் சொன்னேன், உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லக்கா, எண்ணெய் பார்க்காம ஓட்டியிருக்கார். அவ்வளவுதான். எவ்வளவு சின்ன வாக்கியம். மாமா, போன வாரம்தானே பார்த்தேன் என்று ஒரு தடவை சொன்னார், ஒரே தடவை, அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டார். நான் வேறு என்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை, என் தம்பி மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று அக்கா போகிற இடமெல்லாம் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும், ஆனாலும் நிறுத்து என்று சொன்னதில்லை.

அக்காதான் கூப்பிடுகிறாள். கையெல்லாம் பரப்பைத் துடைத்த தின்னர், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன், மாமா எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்துவிடுகிறது அவருக்கு. எடுத்த எடுப்பிலேயே கேட்டாள், "இந்தத் தடவை எதைப் பாக்காம விட்டாராம்?" நான் சொன்னேன், "அவர் மேல தப்பில்லக்கா. கேஸ்கெட் பழசு, தானா போயிடுச்சு." அந்தப் பக்கம் தட்டைக் கழுவி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், "நீ நல்லவன்டா. அதுக்காக எப்பவும் அவருக்கு மூடி மறைக்காதே. பெத்தவ மூஞ்சியப் பாக்க முடியாமப் போச்சு, அதுக்கப்புறமும் புத்தி வரலேன்னா என்ன மனுஷன்." வைத்துவிட்டாள். யார் யாருக்கு மூடி மறைக்கிறார்கள்... இப்போதே திரும்பக் கூப்பிட்டு, அக்கா, அது நான்தான் என்று சொன்னால் என்ன? சொல்லலாம். சொன்னால் அக்கா என்னோடு பேசமாட்டாள், ஒரு மாதமோ ஒரு வருஷமோ இல்லை, அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் சாகிறவரை தினமும் காலையில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பார். இதில் எது பெரிது என்று நாலு வருஷமாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் என் பக்கமே சாய்கிறது, தராசு என் கையில் இருக்கும்போது வேறெப்படிச் சாயும்?

இரும்புப் பட்டையை மேலே வைத்து, அடியில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தேன், எங்கேயும் நுழையவில்லை, சமமாக இருக்கிறது. போல்ட் ஓட்டைகளில் ஈரம் இல்லை. துணிகளை ஒவ்வொன்றாக உருவினேன், மாமா பக்கத்தில் வந்து நின்று வாங்கி வாங்கி மேஜை மேல் அடுக்கினார், உதடு அசைய எண்ணினார். பதினாலும் வந்துடுச்சு மாப்ளே என்றார். பிறகு குனிந்து, நான் காலையிலிருந்து சுரண்டிய பரப்பின் மேல் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார், துணியின் நெசவு பார்க்கிற மாதிரி. "அன்னிக்கு இது வட்டம் வட்டமா பளபளன்னு இருந்துச்சே மாப்ளே. இன்னிக்கு ஏன் அப்படி இல்ல?" அன்றைக்கு இவர் இங்கே இருந்தாரா? இருந்தார். சட்டைக்கு அளவெடுக்கிறேன் என்று சாயங்காலம் வந்து, கையில் டேப்போடு இதே இடத்தில் நின்றார், எப்படி மறந்தேன்... "அது வேற என்ஜின் மாமா" என்றேன். "ஓ" என்றார், போய் எண்ணெய் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முன்னால் நீட்டினார். எண்ணெய் மாற்றத்தான் போகிறேன், இப்போது எதற்கு இது? நாலு வருஷமாக இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இப்படித்தான் நீட்டுகிறார், பாரு மாப்ளே, சரியா இருக்கா என்று, நானும் பாவம் மனுஷன், பழைய தப்புக்குப் பரிகாரம் தேடுகிறார் என்று நினைத்து, சரியா இருக்கு மாமா, சரியா இருக்கு மாமா என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். இவர் எண்ணெயைக் காட்டவில்லை. அன்றைக்கு எண்ணெய் சரியாகத்தானே இருந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என்னை ஒரு வார்த்தை திட்டாமல், நாலு வருஷமாக என்னிடம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்... அப்படித்தானா? இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? சுரண்ட இனி ஒன்றும் மிச்சமில்லை. புது கேஸ்கெட்டைப் பரப்பி வைத்தாயிற்று, அடுத்தது ஹெட்டைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், அதற்கு ரெண்டு பேர் வேண்டும், அவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறார். பிடிங்க மாமா என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் வாயைத் திறந்தால் அதற்குப் பின்னாலேயே மற்றதும் வந்துவிடும் போலிருக்கிறது, நான் இன்னும் பிளேடைக் கீழே வைக்காமல் நிற்கிறேன்.